அறுவை சிகிச்சைக்கு 5 லட்சம், சொட்டு மருந்துக்கு?

புதுதில்லி: பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளி, 2016 ஏப்ரலில் நாடு முழுவதும் பேசப்பட்டது. வருங்கால வைப்பு நிதியைத் திரும்பப் பெறுவதற்குக் கட்டுப்பாடு விதித்த மத்திய அரசின் ஆணையை எதிர்த்து, பெரும்பாலும் பெண்களான ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் சாலையை மறித்தனர். இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது.

தங்கள் பிற்காலச் சேமிப்புக்காகப் போராடியவர்கள் அவர்கள். அதே பிற்காலத்தில் அவர்களது பார்வையைக் காக்கும் மருந்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் முழுமையான விடை இல்லை.

'கிளாக்கோமா' எனப்படும் கண் நீர் அழுத்த நோய், பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல் வலியின்றி வருகிறது. பார்வை நரம்பைச் சிறுகச் சிறுக அரிக்கிறது. இழந்த பார்வை மீளாது. 2001-க்குப் பின் தமிழகத்தில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், கிராமப்புறங்களில் இந்நோயின் முக்கிய வகையால் பாதிக்கப்பட்டோரில் 98.5 சதவீதம் பேருக்கு அதுவரை நோய் கண்டறியப்படவே இல்லை.

எஞ்சிய பார்வையைக் காக்க ஒரே வழி கண்ணழுத்தத்தைக் குறைப்பதுதான். அதற்கு 1996-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லேட்டனோபுரோஸ்ட் புதிய பாதை வகுத்தது. புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்த இம்மருந்து, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வழியை எளிதாக்குகிறது. இரவில் ஒரு சொட்டு போதும். அழுத்தம் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். கண் சிவத்தல், கருவிழியைச் சுற்றிய நிறம் அடர்தல், இமைமுடி நீளுதல் ஆகியவை பக்க விளைவுகள். ஆனால், ஆயுள் முழுவதும் விட வேண்டும். ஒரு குப்பி ஏறத்தாழ ஒரு மாதத்துக்கே வரும்.

2022 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் லேட்டனோபுரோஸ்ட் சேர்க்கப்பட்டது. இதனால் அதன் உச்சவரம்பு விலையை அரசே நிர்ணயிக்கிறது. அதே வகையைச் சேர்ந்த பைமாட்டோபுரோஸ்ட், டிராவோபுரோஸ்ட் ஆகியவை பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையை நிறுவனங்கள் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ள விதி இடமளிக்கிறது. 2025 செப்டம்பரில் மருந்துகள் மீதான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது சற்றே ஆறுதல்.

விலை குறைந்தாலும், மாதந்தோறும் பணம் கொடுப்பது நோயாளிதான். ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. கிளாக்கோமா அறுவை சிகிச்சையும் அதில் அடக்கம். 2024-ல் 70 வயது நிறைந்த அனைவருக்கும் அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. ஆனால், புறநோயாளியாக வாங்கும் சொட்டு மருந்துக்கு அதில் இடமில்லை.

பொம்மனஹள்ளித் தொழிலாளிக்குப் பணியில் உள்ளவரை ஈஎஸ்ஐ புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் தருகிறது. ஓய்வு வயதுவரை பணியாற்றியவர்கள், குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்திருந்தால், சிறு தொகை செலுத்தி அதைத் தொடரலாம். குடும்பச் சூழலால் இடையில் வேலையை விட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு சில மாதங்களில் முடிந்துவிடும்.

மருந்துக்கு வழியின்றி நோய் முற்றியபின் அறுவை சிகிச்சைக்குப் பணம் தரும் அரசு, முற்றாமல் தடுக்கும் சொட்டு மருந்தையும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியே இலவசமாக வழங்குவதே சிக்கனம். வைப்பு நிதிக்காகக் குரல் எழுந்தபோது தில்லி இரண்டு நாளில் செவிசாய்த்தது. பார்வையோ ஓசையின்றிப் பறிபோகிறது. அதற்காகக் குரல் எழுப்ப வேண்டியவர்கள் மக்கள் பிரதிநிதிகள்தான்.