சிமெண்டுச் சாலையும் சீழ்க்கை ஒலியும்

ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் நமக்குச் சாலை இரைச்சல் புதிதன்று. வில்லியனூர், விழுப்புரம் செல்லும் பேருந்துகள் நம் வழியாகத்தான் போகின்றன. ஆயினும் சென்ற ஆகஸ்டு மாதத்தில் பள்ளியின் பின்புறத் தெருவில் சிமெண்டுச் சாலை போட்ட பிறகு, ஒரு புதுவித ஒலி எங்கள் வகுப்பறைக்குள் புகுந்தது. ஆட்டோ சற்று வேகமாகப் போனால் போதும், 'உய்ங்' என்று ஒரு சீழ்க்கை! தமிழம்மா செய்யுளைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். தார்ச்சாலையில் கேட்காத ஒலி இங்கே மட்டும் ஏன் கேட்கிறது? இதனை ஆராயத் தொடங்கினோம்.

சாலை போட்ட அன்று மேஸ்திரி, இரும்புப் பற்கள் கொண்ட சீப்பு போன்ற ஒரு கருவியை ஈரக் கான்கிரீட்டின் மேல் குறுக்கே இழுத்தார். "இது எதுக்கு அண்ணா?" என்று கேட்டோம். "கோடு இல்லேன்னா மழையில வண்டி வழுக்கிடும் பாப்பா" என்றார். உண்மைதான். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் பெல்ஃபோன்டைன் நகரில் 1891ஆம் ஆண்டில் ஜார்ஜ் பார்த்தலோமியு என்பவர் அந்நாட்டின் முதல் கான்கிரீட் தெருவை அமைத்தபோது, குதிரைகளின் குளம்பு வழுக்காதிருக்கக் கட்டம் கட்டமாகக் கோடு கீறினாராம்.

அந்தக் கோடுகளே சீழ்க்கைக்கும் காரணம். அடிக்கோலால் அளந்து பார்த்தோம். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே சரியாக 2 சென்டிமீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். அப்படியானால் டயர் வினாடிக்கு 500 கோடுகளைத் தட்டுகிறது; அதாவது 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண். நெடுஞ்சாலையில் 72 கிலோமீட்டர் வேகத்தில் அது 1000 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். நம் காதுக்கு நன்றாக உறைக்கும் ஒலி அது. கணக்கை எங்கள் கணித சிஸ்டரிடம் காட்டினோம். சரி என்றார்கள்.

கோடுகளைச் சம இடைவெளியில் போடாமல் கூட்டிக் குறைத்துப் போட்டால் ஒரே சுருதி எழாது. ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்துவதற்கும் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. கோடுகளைக் குறுக்கே போடாமல் சாலை நெடுகப் போட்டால் இன்னும் நல்லது. டயர் எதையும் தட்டாமல் வழுக்கிச் செல்லும், சீழ்க்கை மறைந்துவிடும். காய்ந்து இறுகிவிட்ட பழைய சாலைக்கும் வழி உண்டு. வைரத்துகள் பதித்த பல வட்ட ரம்பங்களை நெருக்கமாக அடுக்கி, மேற்பரப்பைச் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு நெடுகச் சீவி விடுகிறார்கள். கலிபோர்னியாவில் 1965ஆம் ஆண்டிலேயே இதைச் செய்தார்கள். ஆஸ்திரியா, பெல்ஜியம் நாடுகளில் வேறொரு முறை. மேற்பரப்புச் சாந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும் ஒரு மருந்தைத் தெளித்து, பின்னர் தூரிகையால் தேய்த்துச் சாந்தை நீக்கிச் சிறு ஜல்லிகளை வெளியே தெரியச் செய்கிறார்கள். டயருக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கும் காற்று அந்த ஜல்லிகளின் இடுக்கு வழியே சத்தமின்றி வெளியேறுகிறது.

துளைகள் நிறைந்த கான்கிரீட்டும் உண்டு. அது ஒலியையே விழுங்கிவிடும். ஆனால் நம் ஊர்ப் புழுதியும் கடற்கரை மணலும் அத்துளைகளை விரைவில் அடைத்துவிடும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று 'தடக், தடக்' என்ற ஒலி. கான்கிரீட் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஆகையால் பெரிய சாலைகளில் ஏறத்தாழ 4.5 மீட்டருக்கு ஒரு முறை வெட்டி இணைப்பு விடுகிறார்கள். இணைப்பு அகலமாக இருந்தாலும், ஒரு பலகை தாழ்ந்துவிட்டாலும் ரயிலில் போவதுபோல் சத்தம் வரும். பலகைகள் தாழாமலிருக்க இணைப்புகளின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வைக்கிறார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, தாரே போதாதா என்று கேட்கலாம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. தேங்கிய நீர் ஜல்லியிலிருந்து தாரைப் பிரித்துவிடும். அதன் மேல் வண்டிகள் ஓடினால் பள்ளம்தான். நன்றாகப் போட்ட கான்கிரீட் 30 ஆண்டுகள் உழைக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. 2002ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே விரைவுச்சாலை கான்கிரீட்டால் ஆனதே. பெங்களூரில் பழைய தார்ச்சாலைகளின் மேலேயே கான்கிரீட் போர்த்துகிறார்கள்.

நன்றாகப் போட்ட என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கலவையில் தண்ணீர் கூடினால் மேற்பரப்பு பொடிந்து, கோடுகள் சீக்கிரமே தேய்ந்துவிடும். அப்போது சாலை வழுக்கும். இரண்டு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள்; நாங்கள் சுற்றுவழியில் நடந்து முணுமுணுத்தோம். அந்த முணுமுணுப்புக்கு இப்போது வெட்கப்படுகிறோம்.

பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்றும், அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் ஒலி கூடாது என்றும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. நாம் சாதாரணமாகப் பேசுவதே ஏறத்தாழ 60 டெசிபல்! மெதுவாகப் போகும் பேருந்தில் டயரைவிட எஞ்சின் சத்தமே மிகுதி. ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்கு எந்தச் சாலையும் மருந்தாகாது. ஆனால் பின்தெருச் சீழ்க்கையை மட்டுமாவது தவிர்த்திருக்கலாம்.

மேஸ்திரியிடம் அடுத்த தெருவிலாவது கோட்டை நெடுக இழுக்க முடியுமா என்று கேட்டோம். "இழுக்கலாம் பாப்பா, யாரும் சொல்லலையே" என்றார். அரையாண்டுத் தேர்வை ஜன்னல்களை மூடிக்கொண்டே எழுதினோம்.