உரிமை எது, சலுகை எது?

நம் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் "இது எங்கள் அடிப்படை உரிமை" என்னும் சொற்றொடர் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். தள்ளுபடி மானியம் வந்து சேரத் தாமதமானாலும் அடிப்படை உரிமை. பயிர்க்கடன் மறுக்கப்பட்டாலும் அடிப்படை உரிமை. தலைவர் பேச இடங்கொடுக்காவிடினும் அதுவே. கோபத்தில் பிறக்கும் சொல்லுக்கு இலக்கணம் பார்க்கலாகாது என்பது மெய்தான். ஆயினும் இச்சொல்லுக்கு நமது அரசியல் சட்டம் அளந்து வைத்த பொருள் ஒன்று உண்டு. அதனை அறியாதவர், தமக்கு இல்லாததைக் கேட்டு அலைகிறார். இருப்பதைக் கேளாமலே இழந்தும் விடுகிறார். இவற்றுள் பின்னதே பெரிய நஷ்டம்.

1950 ஜனவரி 26ந் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் மூன்றாம் பாகம், 12 முதல் 35 வரையுள்ள பிரிவுகளில் இவ்வுரிமைகளைக் கூறுகிறது. சட்டத்தின் முன் சமத்துவம், தீண்டாமை ஒழிப்பு, பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, தொழில் செய்யும் உரிமை, உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்பு, கட்டாய உழைப்புக்குத் தடை, மத சுதந்திரம், சிறுபான்மையோர் உரிமை என்பன அவற்றுள் முக்கியமானவை. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கல்வி என்பது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. இவற்றை "அடிப்படை" என்று அழைப்பதற்குக் காரணம் ஒன்றே: சாதாரணச் சட்டம் எதுவும் இவற்றை மீற முடியாது. மீறினால், மீறிய அளவுக்கு அச்சட்டம் செல்லாது என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. சட்டசபையில் எத்துணைப் பெரும்பான்மை இருப்பினும் இதுவே விதி.

தள்ளுபடி மானியமும் கடன் ரத்தும் இவ்வரிசையில் இல்லை. அவை சர்க்கார் தரும் சலுகைகள்; தரலாம், நிறுத்தலாம். ஆனால் சலுகை ஒன்றைத் தரத் தொடங்கிய பின்னர், அதனை யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது என்பதில் சர்க்கார் மனம் போன போக்கில் நடக்க இயலாது. அங்கே 14ஆம் பிரிவு வந்து நிற்கிறது. இந்நுட்பத்தை விளக்க நம் மாநிலத்து வழக்கு ஒன்றே போதும்.

2016ஆம் ஆண்டில் தமிழ்நாடு சர்க்கார், கூட்டுறவு நிறுவனங்களில் சிறு விவசாயிகளும் குறு விவசாயிகளும் பெற்றிருந்த பயிர்க்கடன்களை ரத்துச் செய்தது. ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட நிலமுடையோருக்கு அச்சலுகை இல்லை. வறட்சி எல்லாரையும்தானே வாட்டியது, ஐந்து ஏக்கர்க்காரனுக்கு ஒரு நீதி, ஆறு ஏக்கர்க்காரனுக்கு வேறு நீதியா என்று விவசாயிகள் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, 2017 ஏப்ரலில், எல்லா விவசாயிகளுக்கும் அச்சலுகையை விரிக்குமாறு உத்தரவிட்டது. சர்க்கார் மேல்முறையீடு செய்தது. 2021 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அவ்வுத்தரவை நீக்கி, சர்க்காரின் திட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அதன் தர்க்கத்தைக் கூர்ந்து நோக்குக. சமத்துவம் என்பது எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பதன்று. நிலைமையில் ஒத்தவர்களை ஒரு படியாக நடத்துவதே. மக்களை வகைப்படுத்தலாம், ஆனால் அவ்வகைப்பாட்டிற்குக் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்று இருக்க வேண்டும், அவ்வேறுபாடு திட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தவும் வேண்டும். மூலதனமும் சாதனமும் குறைந்த சிறு விவசாயி, வெள்ளமோ வறட்சியோ வந்தால் பெரிய விவசாயியைக் காட்டிலும் அதிகம் நொடித்துப் போகிறான். நலிந்தவனைக் கைதூக்குவது திட்டத்தின் நோக்கமாதலின் வகைப்பாடு பொருந்துகிறது. ஆறு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கு இத்தீர்ப்பு கசக்கத்தான் செய்யும். எனினும், அதே ஐந்து ஏக்கர் நிலமுடைய இருவரில் ஒருவர் பெயரைப் பட்டியலில் சேர்த்து, மற்றவர் பெயரைக் காரணமின்றி விட்டுவிட்டால், அங்கே 14ஆம் பிரிவின் துணை கொண்டே அவர் கேட்கலாம். அப்பொழுது அவர் கேட்பது சலுகையன்று, சம நீதி.

இனி நெசவாளருக்கு வருவோம். 19ஆம் பிரிவு, எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. கைத்தறிக்காரருக்கு உள்ள அவ்வுரிமை விசைத்தறிக்காரருக்கும் உண்டு. 1985ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிச் சட்டம் இயற்றிய போது, தங்கள் தொழிலுரிமை பறிபோயிற்று என்று விசைத்தறி உடைமையாளர் சுப்ரீம் கோர்ட்டை அணுகினர். 1993இல் அக்கோர்ட் ஒதுக்கீடு செல்லும் என முடிவு கூறிற்று. உரிமை உண்டு; ஆனால் பொதுமக்கள் நலன் கருதி அதன்மீது நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19ஆம் பிரிவே இடம் தருகிறது. குடிசைத் தொழிலை வளர்க்கச் சர்க்கார் முயல வேண்டும் என்று 43ஆம் பிரிவும் வழிகாட்டுகிறது. அவ்வழிகாட்டும் பிரிவை வைத்துக் கொண்டு நாம் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் கட்டுப்பாடு நியாயமானதா என்று எடைபோடுகையில் அது தராசுத் தட்டில் ஏறி உட்காருகிறது. தொடக்கத்தில் 22 வகைகளாக இருந்த ஒதுக்கீடு பின்னர் 11 வகைகளாகக் குறுகியது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் ஆகியவை, நூலும் நெசவும் பற்றிய குறிப்பிட்ட வரையறைகளுக்கு உட்பட்டு, அவற்றுள் அடங்கும். ஒதுக்கீடு ஏட்டில் இருப்பதும் சந்தையில் இருப்பதும் வேறு வேறு என்பது நெசவாளருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சங்கம் அமைக்கும் உரிமைக்கும் சென்னை மாநிலத்திலிருந்தே பெரிய வழக்கு ஒன்று புறப்பட்டது. 1950ஆம் ஆண்டில் சென்னைச் சர்க்கார், மக்கள் கல்விச் சங்கம் என்னும் பதிவு பெற்ற அமைப்பைச் சட்ட விரோதமானது என்று அறிவித்தது. பொது அமைதிக்கு ஆபத்து என்பது சொல்லப்பட்ட காரணம். அச்சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்த பாரிஸ்டர் வி. ஜி. ராவ் ஹைகோர்ட்டை அணுகி வென்றார். சர்க்காரின் அப்பீலை விசாரித்த சுப்ரீம் கோர்ட்டும் 1952 மார்ச்சில் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. ஒரு சங்கம் ஆபத்தானது என்று சர்க்கார் தானே நினைத்து, தானே தடை விதித்து, கோர்ட்டின் விசாரணைக்கு இடமின்றி முடித்துவிடுவது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்பது அதன் சாரம். கட்டுப்பாட்டின் உள்ளடக்கம் மட்டுமன்று, அதனை விதிக்கும் முறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்று அன்று நாட்டப்பட்ட கொள்கை இன்றளவும் எடுத்தாளப்படுகிறது.

கூட்டுறவுச் சங்கம் என்ற சொற்கள் அப்பிரிவில் அக்காலத்தில் இல்லை. 97ஆம் திருத்தத்தின் மூலம், 2012 பிப்ரவரி 15 முதல் அவை சேர்க்கப்பட்டன. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் திரூரில் முதல் கடன் சங்கம் தோன்றிய நாளிலிருந்து எண்ணினால், நூறாண்டுகளுக்கு மேல் காத்திருந்து கிடைத்த சொற்கள். அதே திருத்தம் சங்கங்களின் நிர்வாகம், தேர்தல், தணிக்கை பற்றித் தனி அத்தியாயம் ஒன்றையும் புகுத்தியது. கூட்டுறவு மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால், மாநிலச் சட்டசபைகளுள் பாதியேனும் ஒப்புதல் அளித்திருக்க வேண்டும், அவ்வொப்புதல் பெறப்படவில்லை. ஆகவே மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அவ்வத்தியாயம் செல்லாது என்று குஜராத் ஹைகோர்ட் 2013இலும், சுப்ரீம் கோர்ட் 2021 ஜூலையிலும் முடிவு செய்தன. 19ஆம் பிரிவில் சேர்ந்த சொற்களோ நிலைத்து நிற்கின்றன.

இங்கே அங்கத்தினர்கள் தவறாக எண்ணிவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை. சங்கத்துக்குள் நடக்கும் யாவும் அடிப்படை உரிமையாகிவிடா. சங்கத்தில் சேர்ந்தவர் அதன் சட்டத்துக்கும் துணைவிதிகளுக்கும் உட்பட்டவராகிறார். வாக்களிப்பதும் தேர்தலில் நிற்பதுங்கூடச் சட்டம் வகுத்துத் தந்த உரிமைகளே என்று, நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளப்பட்ட ஒருவரின் வழக்கில், 1952இலேயே சுப்ரீம் கோர்ட் கூறியது. அது சட்டசபைத் தேர்தலைப் பற்றியது. சங்கத் தேர்தலுக்கும் நியாயம் அதுவே. மேலும், அடிப்படை உரிமைகளுட் பெரும்பாலானவை சர்க்காரை நோக்கியே கேட்கத் தக்கவை. பதிவாளரின் மேற்பார்வையில் இருப்பதால் மட்டும் ஒரு கூட்டுறவுச் சங்கம் சர்க்காராகி விடாது என்று 2013இல் கேரளத்துச் சேவைக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்கில் தீர்ப்பாகியுள்ளது. ஆகவே சங்கத்தின் நிர்வாகம், அலுவல் பற்றிய தகராறுக்கு நேரே ஹைகோர்ட் வாசலில் போய் நிற்பது பணத்துக்கும் காலத்துக்கும் கேடு. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் 90ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் தாவா தாக்கல் செய்வதே முதல் வழி.

சர்க்காரை மட்டுமன்றித் தனி மனிதரையும் கட்டும் உரிமைகள் சில உள்ளன. அவற்றுள் நெசவாளர் தெருக்களில் உரக்கப் படிக்க வேண்டியது 23ஆம் பிரிவு. சங்கத்துக்கு வெளியே, மாஸ்டர் வீவரிடம் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்கு நெய்யும் குடும்பங்கள் கலியாணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் பெறுவதுண்டு. முன்பணம் பெறுவது குற்றமன்று, கொடுப்பதும் குற்றமன்று. ஆனால் "கடன் தீரும் வரை வேறெங்கும் நெய்யக் கூடாது" என்று தறியோடு ஆளையும் கட்டிப் போட்டாலோ, கடனைக் காட்டிச் சட்டக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்தாலோ, அது கொத்தடிமை முறையாகும். 23ஆம் பிரிவு அதனைத் தடுக்கிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே ஒழித்துவிட்டது. அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. வற்புறுத்தி வேலை வாங்குபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அச்சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு ஜில்லா கலெக்டருடையது.

"யாரும் அடித்து வேலை வாங்கவில்லையே, அவனாகத்தானே வந்தான்" என்று சொல்வார் உண்டு. 1982இல் டில்லியில் ஆசிய விளையாட்டுகளுக்காகக் கட்டட வேலை செய்தவர்களின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்கு விடை கூறிவிட்டது. பசியும் வறுமையும் ஒருவனை நெருக்கி, சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக உழைக்க வைக்குமாயின் அதுவும் கட்டாய உழைப்பே என்றது அத்தீர்ப்பு. மக்கள் உரிமை அமைப்பு ஒன்று நீதிபதிக்கு எழுதிய கடிதமே அவ்வழக்கில் மனுவாக ஏற்கப்பட்டது.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொத்துரிமை 1979 ஜூன் 20 முதல் அடிப்படை உரிமையாக இல்லை. 44ஆம் திருத்தம் அதனை எடுத்து 300ஏ பிரிவில் வைத்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்க முடியாது என்பது இன்றைய நிலை. ஆயினும் நிலவுடைமைகளைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் சட்டங்கள் குறித்து, 1964ஆம் ஆண்டின் 17ஆம் திருத்தம் 31ஏ பிரிவில் சேர்த்த காப்பு ஒன்று இன்றும் மூன்றாம் பாகத்திலேயே இருக்கிறது. உச்சவரம்புக்கு உட்பட்டு, தாமே சாகுபடி செய்யும் நிலத்தைச் சந்தை விலைக்குக் குறையாத ஈடு தராமல் அத்தகைய சட்டம் எடுத்துக்கொள்ள முடியாது. உழுபவரின் கைநிலத்துக்கு அரசியல் சட்டம் இட்ட வேலி அது; பலர் அறியார்.

உரிமை மீறப்பட்டால் எங்கே செல்வது? அடிப்படை உரிமைக்காக 32ஆம் பிரிவின்படி சுப்ரீம் கோர்ட்டையே நேரில் அணுகலாம். அவ்வாறு அணுகுவதும் ஓர் அடிப்படை உரிமையாகும். ஆனால் நமக்கு அருகிலிருப்பது 226ஆம் பிரிவின்படி சென்னை ஹைகோர்ட். தென் ஜில்லாக்காரருக்கு 2004 முதல் மதுரைக் கிளை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்குவோர் ஜில்லாக் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். தாலுகாக்களிலும் அதன் குழுக்கள் உள்ளன. வருமான வரம்புக்கு உட்பட்டவர்க்கு அங்கே வக்கீல் இலவசம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு அவ்வரம்பும் இல்லை. 23ஆம் பிரிவு கூறும் கட்டாய உழைப்புக்கு ஆளானவரையும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரிசையிலேயே சேர்த்திருக்கிறது.