காலண்டரில் எழுதிய வலி

எங்கள் உறவில் ஒரு பெண். பிளஸ் டூ காலத்திலிருந்தே மாதத்தில் மூன்று நாள் சுருண்டு படுத்துவிடுவாள். வாந்தி, இடுப்பிலிருந்து தொடைவரை இறங்கும் வலி, கழிவறைக்குப் போனால் கண்ணில் தண்ணீர். "பொம்பளைப் பிள்ளைன்னா இதெல்லாம் இருக்கத்தான்மா செய்யும்" என்றார் முதலில் பார்த்த டாக்டர். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்று அவள் அம்மாவிடம் சொன்ன அடுத்தவர், பெண் டாக்டர். மூன்றாமவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஒண்ணுமில்லையே, மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்றார். நோய்க்குப் பெயர் கிடைத்தபோது அவளுக்கு வயது 26.

அந்தப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலைச் சுற்றியும் படர்ந்து வளரும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதைத்தான் 'சாக்லேட் கட்டி' என்கிறார்கள். உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். சிலருக்குக் குழந்தைப்பேறு தடைபடும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. ஆனாலும் கண்டுபிடிக்கச் சராசரியாக 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன.

தாமதத்துக்கு டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்ப்பவருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். சாதாரண ஸ்கேனில் இந்த நோய் தெரியாமல் போகலாம். ஆகவே 'ஸ்கேன் நார்மல்' என்றால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இது டாக்டர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். குழந்தை பெற்றால் சரியாகும் என்பதோ மருத்துவமே இல்லை. நோயைக் குணமாக்குவதற்காகக் கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி 2022-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நம்மூரில் 'குழந்தை பிறந்தா சரியாயிடும்' என்ற வாக்கியம் இன்னும் மருந்துச் சீட்டைவிட வேகமாகக் கையில் கொடுக்கப்படுகிறது.

நான்காவது டாக்டரிடம் போகும்போது அவள் அம்மா ஒரு காரியம் செய்தார். அடுப்படியில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரையே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பால் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்ற குறிப்புகளுக்கு நடுவே சிவப்பு மையில்: 'வாந்தி', 'லீவு', 'மாத்திரை 3', 'உட்கார முடியல'. எட்டு மாதக் கணக்கு. அந்த டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். அதன் பிறகுதான், "மலம் கழிக்கும்போது வலிக்குமா?" என்ற கேள்வியே வந்தது. அதுவரை யாரும் கேட்டதில்லை.

'ரொம்ப வலிக்குது டாக்டர்' என்று எல்லோரும்தான் சொல்வார்கள். 'இந்த மாதம் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை, இரண்டு முறை மயங்கினேன், இத்தனை மாத்திரை போட்டும் கேட்கவில்லை' என்றால் அதைத் தள்ளிவிடுவது கடினம். மாத்திரைக் கணக்கு உங்களுக்கும் எச்சரிக்கை. வலிநிவாரணிகளை நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். மாதவிடாய் வலிக்கு நாம் கடையில் கேட்டு வாங்கும் மெஃபெனமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்று 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது.

கூட யாரையாவது அழைத்துப் போங்கள். கணவரோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால் சில டாக்டர்களின் குரல் மாறுகிறது. கசப்பான உண்மைதான், ஆனால் உதவுகிறது. 'பரிசோதனை எதுவும் வேண்டாம்' என்று டாக்டர் சொன்னால், சண்டை பிடிக்காமல், "அதைக் கொஞ்சம் சீட்டில் எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்று கேளுங்கள். எழுதப் பேனாவை எடுப்பவர் ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடிதான் நமக்கு வேண்டியது.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று தயங்க வேண்டாம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தைப் பின்பற்றும்படி 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நோயைப் பற்றிய விளக்கம், இன்னொரு டாக்டரின் கருத்து, சிகிச்சை ஆவணங்களின் நகல் எல்லாம் அதில் உண்டு. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பதும் அதில் உள்ள உரிமை. ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

ஒப்புதலும் உங்களுடையதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் லேப்ராஸ்கோபிக்கு மட்டும் சம்மதித்திருந்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோது தாயின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். காரணமாகச் சொன்னது எண்டோமெட்ரியோசிஸ். உயிருக்கு ஆபத்தில்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிடைத்த இழப்பீடு வெறும் 25,000 ரூபாய்.

எங்கே புகார் செய்வது? அலட்சியமான பேச்சு மட்டுமே வழக்காக நிற்பது கடினம். அதனால் பாதிப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டும். காசு கொடுத்துப் பார்த்த மருத்துவம் என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே நிலைய மருத்துவ அலுவலரிடமோ டீனிடமோ எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். பலனில்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு. எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது சீட்டைத்தான்.

அதனால் அடுத்த முறை டாக்டர் அறையை விட்டு வந்ததும் வாசலிலேயே நின்று சீட்டைப் படியுங்கள். நீங்கள் சொன்ன வலி அதில் இல்லையென்றால், திரும்ப உள்ளே போய் எழுதி வாங்குங்கள்.