வீட்டிலேயே ஒரு வழங்கி: பயிற்றி, ஒலிப்பதிவு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி



கூலாய், செடெனாக் பக்கம் வண்டியில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். செம்பனை நின்ற இடத்தில் இப்போது ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள். எல்லாம் தரவு மையங்கள். 2019-இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்த பிறகு ஜொகூர் பக்கம் திரும்பிய வளர்ச்சி இது. கூலாய் யங் தோட்டத்தில் 500 மெகாவாட் அளவுக்கு ஒரு தரவு மையப் பூங்காவே திட்டமிட்டிருக்கிறார்கள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று மாணவர்கள் கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான்: இரவு பகல் அணையாமல், கேட்டவருக்குக் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணினிகள். அதைத்தான் சர்வர் என்கிறோம். தமிழில் வழங்கி. அதே வேலையைச் செய்யும் ஒரு பெட்டி என் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சும்மா இருக்கும்போது 15 வாட் இழுக்கும், அவ்வளவுதான்.

இது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. மேசையில் இருந்த கையடக்க வன்தட்டை நானே தட்டிவிட்டேன். அதன் பிறகு அது கடகடவென்று சத்தம் போட்டதே தவிர திறக்கவில்லை. எட்டு வருடப் பயிற்றிகள் அதில் இருந்தன. பெரும்பகுதி நண்பர்களின் புலனக் குழுக்களிலிருந்து திரும்பி வந்தது. வராதது ஒன்றுதான். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் செய்யுளும் மொழியணியும் பகுதிக்குத் தம் குரலில் பதிவு செய்து கொடுத்த 30 ஒலிப்பதிவுகள். ஐயா அதற்கு முந்திய வருடம் தவறிவிட்டார். மறுபடி கேட்டு வாங்க ஆள் இல்லை.

“மேகத்தில் போட்டு வைத்திருக்கலாமே” என்று பலர் கேட்டார்கள். போடலாம், நானும் போடுகிறேன். ஆனால் கூகிள் தன் கல்விக் கணக்குகளுக்குக் கொடுத்திருந்த வரம்பற்ற இடத்தை 2022 ஜூலையோடு முடித்துக்கொண்டு, ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்பதை அடிப்படை அளவாக்கியது. பணிக்காகக் கொடுக்கப்பட்ட கணக்கு பணி இருக்கும்வரைதான். வாடகை வீட்டில் ஆணி அடிக்கலாம், சுவரை இடித்துக் கட்ட முடியாதுல்ல? அப்படித்தான் இதுவும்.

சரி, பெட்டிக்கு வருவோம். புதுசு வாங்க வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. இன்டெல் 7-ஆம் தலைமுறைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கு ஏற்றவை அல்ல. அதனால் அலுவலகங்கள் அவற்றைக் கழித்துவிடுகின்றன. லினக்ஸ் அவற்றில் நன்றாகவே ஓடும். ஐ5, 7-ஆம் தலைமுறை, 16 ஜிகாபைட் நினைவகம் போதும். 3.5 அங்குல வன்தட்டு உள்ளே உட்காரும் அளவுக்குப் பெட்டி இருக்க வேண்டும். கையளவு குட்டிப் பெட்டிகள் பார்க்க அழகுதான், ஆனால் பெரிய வன்தட்டை வெளியே தொங்கவிட வேண்டிவரும். மாணவர்கள் பழைய மடிக்கணினியிலேயே தொடங்கலாம். மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொடவே வேண்டாம்.

“கரண்ட் பில்லு யார் கட்டுறது?” இதுதான் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி. 15 வாட், 24 மணி நேரம், 30 நாள் என்றால் 10.8 அலகு. 2025 ஜூலையில் கட்டண முறை மாறுவதற்கு முன் 301-இலிருந்து 600 அலகு வரை ஓர் அலகு 51.6 சென். அந்தக் கணக்கில் மாதம் ஐந்தரை வெள்ளி. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அதில் டெபியன் லினக்ஸும் அதன்மேல் ஓப்பன்மீடியாவால்ட்டும் போட்டிருக்கிறேன். இரண்டும் இலவசம். ஒருமுறை திரையும் விசைப்பலகையும் வைத்து நிறுவினால் போதும், அப்புறம் எல்லாம் மடிக்கணினி உலாவியிலிருந்தே. மற்ற செயலிகளை டாக்கர் என்ற முறையில் ஏற்றுகிறோம். டிஃபன் கேரியர் மாதிரி. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பதார்த்தம். ரசம் கெட்டுப்போனால் அந்த அடுக்கை மட்டும் கழுவினால் போதும், சோறு தப்பிக்கும்.

கோப்புகளை நகலெடுக்கும்போதுதான் தமிழாசிரியர்களுக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது. விண்டோஸில் நன்றாக இருந்த சில கோப்புகள் வழங்கிக்குப் போக மறுத்தன. காரணம் பெயரின் நீளம். விண்டோஸ் ஒரு பெயரில் 255 குறிகளை ஏற்கும். லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 அமைப்பு 255 பைட்டுகளைத்தான் ஏற்கும். யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். அப்படியானால் 85 குறிதான். அதிலும் ‘கொ’ என்பது ஓர் எழுத்தாகத் தெரிந்தாலும் ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறிகள், 6 பைட். “படிவம் 5 செய்யுளும் மொழியணியும் மீள்பார்வைப் பயிற்சி இறுதித் திருத்தம்” என்று கதை மாதிரி பெயர் வைக்கும் நமக்கு 85 சீக்கிரம் தீர்ந்துவிடும். இப்போது நான் ஆண்டு, படிவம், தலைப்பு என்று மூன்றே சொல்லில் நிறுத்திக்கொள்கிறேன். இன்னொன்று: சில ஆப்பிள் கணினிகளிலிருந்து வரும் பெயர்களில் அதே ‘கொ’ மூன்று குறிகளாகப் பிரிந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இருந்தால் மாற்றி வையுங்கள், மூலத்தையும் அழிக்காதீர்கள்.

அடுத்ததை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு வன்தட்டுகளை ஒன்றுக்கொன்று கண்ணாடி போல இணைக்கும் ரெய்ட் முறை காப்புநகல் ஆகாது. ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பதுதான் பழைய விதி. வேறு இடம் என்பதன் அருமை 2023 மார்ச்சில் புரிந்தது. பத்து பகாட், சிகாமாட், குளுவாங் எல்லாம் வெள்ளத்தில். மாநிலத்தில் 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களில். யோங் பெங்கில் இருக்கும் தோழி ஒருவர் கணினியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் மேசையைத் தாண்டியது. காப்புநகலும் அதே மேசையின் இழுப்பறையில்தான் இருந்தது. என் மூன்றாவது நகல் மாசாயில் அக்கா வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போகும்போது மாற்றிக்கொள்வேன். மாற்றும்போது பழைய கோப்பு ஒன்றைத் திறந்தும் பார்த்துவிடுவேன். திறந்து பார்க்காத நகலை நான் நகல் என்று எண்ணுவதில்லை.

ஒலிக்கும் படத்துக்கும் ஜெல்லிஃபின் வைத்திருக்கிறேன். கட்டணம் கிடையாது. ஐயாவின் மகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்த ஒலிநாடாக்களைத் தேடிக் கொடுத்தார். பழைய வானொலிப்பெட்டியிலிருந்து கம்பி போட்டுக் கணினியில் பதிவு செய்தேன். ஒரு மணி நேரப் பதிவு, 128 கிலோபிட் தரத்தில், 58 மெகாபைட்தான். நாடா எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் உட்கார வேண்டும், குறுக்குவழி இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய படவட்டுகளையும் இதில் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வகுப்புக்கே இணைப்பு அனுப்புவது வேறு விஷயம்.

விளையாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். ஆண்டு 4 படிக்கும் மகனுக்காக மைன்கிராஃப்ட் வழங்கி ஒன்று ஓடுகிறது. 3 ஜிகாபைட் நினைவகம் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: கணினிக்கான ஜாவா பதிப்பும் தட்டையில் ஓடும் பெட்ராக் பதிப்பும் ஒன்றோடொன்று நேராகச் சேராது. காசில்லாமல் வேண்டுமென்றால் லுவான்டி இருக்கிறது, முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர். இந்த விளையாட்டால் எனக்கு ஓர் உபகாரம் உண்டு. பயிற்றி இருக்கும் பக்கம் நின்றுபோனால் எனக்குத் தெரிய மூன்று நாள் ஆகலாம். விளையாட்டு நின்றால் ஐந்தே நிமிடத்தில் கூடத்திலிருந்து சத்தம் வரும், “அம்மா, சர்வர் செத்துப் போச்சு!”

ஒரு விடுமுறையில் என் படிவம் 2 மாணவர்கள் நால்வர் வீட்டுக்கு வந்து அதில் ஐந்திணையைக் கட்டினார்கள். மலை, காடு, வயல், கடல் சுலபம். பாலைக்கு விளையாட்டில் இருக்கும் பாலைவனத்தை எடுத்தார்கள். ஒருத்தி மட்டும் ஒப்பவில்லை. சிலப்பதிகாரத்தில் முல்லையும் குறிஞ்சியும் வறண்டுதானே பாலை ஆகிறது, அப்புறம் எப்படித் தனி நிலம் என்றாள். கடைசியில் காட்டின் ஒரு மூலையில் மரங்களை வெட்டி, தண்ணீரை அடைத்து, அங்கே பாலையை உண்டாக்கினார்கள். வகுப்பில் நான் மூன்று பாடவேளை சொல்லியும் ஏறாதது அது.

வெளியிலிருந்து வீட்டு வழங்கிக்கு வர, திசைவியில் வாசலைத் திறந்துவிடச் சொல்லும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. செய்யாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பிட்காயின் கேட்டது. பல வீட்டுக்காரர்கள் குடும்பப் படங்களை இழந்தார்கள். நான் டெயில்ஸ்கேல் பயன்படுத்துகிறேன். என் கைப்பேசிக்கும் வழங்கிக்கும் நடுவே பூட்டிய குழாய் ஒன்றைப் போட்டுக் கொடுக்கும், திசைவியில் எதையும் திறக்க வேண்டியதில்லை. மாணவர்களின் பெயர், அடையாள அட்டை எண், மதிப்பெண் இவற்றை வீட்டு வழங்கியில் வைக்கவே கூடாது. அவை பள்ளியின் முறையிலேயே இருக்கட்டும்.

நம் ஊர் மாலை இடியைச் சொல்லத் தேவையில்லை. மின்னல் தடுப்புள்ள இணைப்புப்பலகை ஒன்று வாங்குங்கள், முடிந்தால் சின்ன யூ.பி.எஸ். வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதுதான் ஆபத்து.

ஐயாவின் 30 பதிவுகளில் 11 நாடாக்களிலிருந்து மீண்டிருக்கின்றன. மீதி 19, அவர் 2016-இலிருந்து 2019 வரை புலனத்தில் அனுப்பியவை. செய்யுளை ஒருமுறை வாசித்துவிட்டு “இப்ப பொருளைப் பார்ப்போமா” என்று தொடங்கும் குரல். அந்த ஆண்டுகளில் ஜொகூரில் எஸ்.பி.எம். தமிழ் எடுத்தவர்களும் அப்போது பயிற்சியில் இருந்த ஆசிரியர்களும் பழைய கைப்பேசியை ஒருமுறை திறந்து பாருங்கள். கிடைத்தால் சங்கத்தின் வழியாக எனக்கு அனுப்புங்கள்.