ஜாஸ் பேண்டில் யார் என்ன பண்றாங்க? ஒரே டிராக்கில் புரிஞ்சுக்கலாம்!

காபி ஷாப்பில் மெல்லிசா ஓடும் சாக்ஸபோன் சத்தம். பலருக்கும் ஜாஸ் என்றால் அவ்வளவுதான். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், "ஆளுக்கொரு பக்கம் வாசிக்கிறாங்களே!" என்று தோன்றும். ஆனால் உள்ளே கறாரான ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடிக்க ஒரு டிராக் போதும்: மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்'. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் டிராக், 9 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

1959 மார்ச் 2. நியூயார்க் 30ஆவது தெருவில், ஒரு காலத்தில் சர்ச்சாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டுடியோ. டேவிஸ் கையில் முழுசா எழுதிய நோட்ஸ் கிடையாது, சுருக்கமான குறிப்புகள்தான்.

யார் யார் இருக்காங்க?

முன்வரிசையில் மூன்று பேர். ட்ரம்பெட் டேவிஸ், டெனர் சாக்ஸபோன் ஜான் கோல்ட்ரேன், ஆல்ட்டோ சாக்ஸபோன் கேனன்பால் ஆடர்லி. ஆல்ட்டோவின் குரல் மேலே நிற்கும், டெனர் அதைவிட அடர்த்தியாக, கீழே இறங்கிப் பேசும். பின்னால் இருப்பது ரிதம் செக்‌ஷன்: பியானோ பில் எவன்ஸ், டபுள் பாஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப்.

முதலில் வரும் மெட்டுக்குப் பெயர் 'ஹெட்'. வழக்கமாக இதை ட்ரம்பெட்டோ சாக்ஸபோனோ வாசிக்கும். இங்கே டேவிஸ் அதைத் தலைகீழாக்கிவிட்டார். பாஸ் ஒரு கேள்வி மாதிரி மெட்டை வாசிக்க, பியானோ இரண்டே அடியில் பதில் சொல்கிறது. பிறகு ஊதுகருவிகளும் அந்தப் பதிலில் சேர்ந்துகொள்கின்றன.

சுமார் ஒன்றரை நிமிடத்தில் சிம்பலில் 'ஜிங்ங்' என்று ஓர் அடி விழும். அங்கே டேவிஸின் சோலோ ஆரம்பம். இனி வருவது எதுவும் எழுதி வைத்ததில்லை.

கணக்கு எங்கே?

ஆதி தாளம் போடத் தெரியுமா? அப்படியென்றால் இது சுலபம். இந்தப் பாட்டின் ஒரு முழுச் சுற்று 32 பார், பாருக்கு 4 அடி. அதாவது 16 ஆவர்த்தனம். இந்தச் சுற்றைத்தான் 'கோரஸ்' என்கிறார்கள் (நம்மூர் கோரஸ் வேற!). முதல் 8 ஆவர்த்தனம் ஒரு ஸ்வர வரிசை. அடுத்த 4 ஆவர்த்தனம் அதே வரிசை அரைக்கட்டை மேலே. கடைசி 4, பழைய இடத்துக்கே.

அந்த வரிசைக்கு மேற்கத்திய இசையில் 'டோரியன்' என்று பெயர். கர்னாடக இசை படித்தவர்கள் பாடிப் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியும்: கரகரப்ரியாவின் அதே ஸ்வரங்கள்! 2 கட்டையில் தொடங்கி, 2½ கட்டைக்குப் போய், திரும்பி வருகிறார்கள். கமகம் இல்லாததால் ராகமாகக் கேட்காது, அவ்வளவுதான்.

டேவிஸ், கோல்ட்ரேன், ஆடர்லி மூவரும் ஆளுக்கு இரண்டு கோரஸ், எவன்ஸ் ஒன்று. யார் எப்படிப் பறந்தாலும் அந்த அரைக்கட்டை இடத்தில் ஆறு பேரும் சேர்ந்து ஏறுகிறார்கள். அடிக்கு ஒரு ஸ்வரமாக நடந்துபோகும் 'வாக்கிங் பாஸ்'தான் வழிகாட்டி. சோலோவுக்கு நடுநடுவே பியானோ சின்னச் சின்னதாகத் தூவுவது 'கம்பிங்'.

இதில் என்ன புதுசு? அதுவரை கோலோச்சிய 'பீபாப்' பாணியில் கார்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், மளமளவென்று மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அதைத் துரத்தியே ஆகணும். டேவிஸ் துரத்தலை நிறுத்திவிட்டு, ஒரே ஸ்வர வரிசையில் தாராளமாக இடம் கொடுத்தார். 'மோடல் ஜாஸ்' என்பது இதுதான். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு மே மாதம் கோல்ட்ரேன் தன் சொந்த ஆல்பத்துக்காக 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பதிவு செய்தார். தலை சுற்றும் வேகத்தில் கார்டு மாறும் பாட்டு அது!

'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 ஆகஸ்ட் 17இல் வெளியானது. எட்டே நாளில், நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பில் டேவிஸின் கச்சேரி. இடைவேளையில் ஒரு வெள்ளையினப் பெண்ணை டாக்ஸியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றார். நகரச் சொன்னார் ஒரு போலீஸ்காரர். "நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன்" என்ற பொருளில், வாசலில் எழுதியிருந்த தன் பெயரைக் காட்டினார் டேவிஸ். தலையில் லத்தி அடி விழுந்தது. கைதும் செய்தார்கள், தையலும் போட வேண்டியிருந்தது. வழக்கு பின்னாளில் தள்ளுபடியானது. கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய இசைக்கு டிக்கெட் வாங்கிக் கூட்டம் உள்ளே உட்கார்ந்திருந்த இரவு அது.

ஆறு பேரில் கடைசியாக இருந்த ஜிம்மி காப் 2020இல் மறைந்தார். ஹெட்செட் மாட்டி 'சோ வாட்' கேட்கும்போது, முதல் தடவை பாஸை மட்டும் பின்தொடருங்க. அரைக்கட்டை ஏறும் இடம் பிடிபட்டதும் மறுபடியும் முதலிலிருந்து போட்டு, சோலோக்களைக் கேளுங்க.