மூச்சின் கதை – 9: சிற்றறையின் காவல்காரன்

விடிய நாலரை மணி. நல்லதண்ணியில் ஒரு லயத்துக் குசினி. சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களின் சத்தம் மேலே எங்கோ கேட்கிறது. இங்கே அடுப்பு பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டி வந்த மிலாறு, மழையில் நனைந்த மிலாறு. ஊதுகுழலால் ஊத ஊதப் புகைதான் வருகிறது. ரொட்டி தட்டுகிற அம்மாவுக்குப் பக்கத்திலேயே பிள்ளை தூங்குகிறது. கூரைத் தகரம் கறுத்துப் போயிருக்கிறது. அதே கறுப்பு நெஞ்சுக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லீற்றர் காற்றை இழுத்து விடுகிறோம். தூசும் கிருமியும் கூடவேதான் வரும். பெரியவை மூக்கிலேயே சிக்கும். தப்பியவை மூச்சுக்குழாயின் சளியில் ஒட்டும்; குழாய்ச் சுவரின் நுண்மயிர்களான பிசிர்கள் அந்தச் சளியை ஓயாமல் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். சளியைத் திட்டித்தான் பழக்கம், ஆனால் அது செய்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது.

ஐந்து மைக்ரோனுக்கும் சிறியவை நுரையீரலின் கடைசி முனையான சிற்றறை வரை இறங்கிவிடும். அங்கே பிசிருமில்லை, தடித்த சளியுமில்லை. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மைக்ரோனும் தேறாத சுவர். அந்த இடத்தில் பெரிய சண்டை பிடித்தால் அறைக்குள் நீர் கோர்த்து மூச்சே நின்றுவிடும். ஆகவே அங்கே காவலுக்கு நிற்பது பெருவிழுங்கி என்ற கலம். வந்ததை விழுங்கிச் செரித்துவிட்டு, யாரையும் எழுப்பாமல் இருந்துவிடும். சமாளிக்க முடியாத அளவுக்குக் கிருமி வந்தால்தான் இரத்தத்திலிருந்து வெள்ளணுப் படையைக் கூப்பிடும். அப்போது சிற்றறைகள் சீழும் நீருமாக நிறையும். நியூமோனியா என்கிறோமே, அது பாதி கிருமியின் வேலை, பாதி நம் படையின் வேலை.

சயரோகக் கிருமியின் தந்திரம் வேறு. அது விழுங்கப்படவே காத்திருக்கிறது. சாதாரணமாக, விழுங்கிய கிருமி இருக்கும் பையோடு அமிலப் பை வந்து சேரும், கிருமி கரையும். சயரோகக் கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுத்துவிட்டு, காவல்காரனின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். சில வாரங்கள் கழித்து நிணநீர்க் கணுவிலிருந்து டி கலங்கள் என்ற வெள்ளணுக்கள் வந்துதான் பெருவிழுங்கியைத் தட்டி எழுப்பும். பிறகு எல்லாம் சேர்ந்து கிருமியைச் சுற்றி ஒரு மதில் கட்டும். கிருமி தொற்றிய நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு அந்த மதில் ஆயுசுக்கும் நிற்கிறது. மற்றவர்களுக்கு இடிகிறது.

"பிறந்ததும் பிசிஜி ஊசி போட்டாச்சே" என்று கைத்தழும்பைக் காட்டுவார்கள். அந்த ஊசி பச்சைப் பிள்ளைகளை மூளையைத் தாக்கும் சயரோகத்திலிருந்து காப்பாற்றுகிறது; கட்டாயம் போட வேண்டும். ஆனால் தமிழ்நாட்டுச் செங்கல்பட்டில் 1968இல் தொடங்கி 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், வளர்ந்தவர்களின் நுரையீரல் சயரோகத்தை அது தடுக்கவில்லை. தழும்பை நம்பி இருமலை அலட்சியம் செய்யக்கூடாது.

மதிலை இடிப்பவை பல: நீரிழிவு, எச்.ஐ.வி., சிகரெட், அடுப்புப் புகை. புகையில் வாழ்கிறவர்களின் பெருவிழுங்கிகளை நுண்காட்டியில் பார்த்தால் உள்ளே கரித்துகள் தெரியும். கரியை விழுங்கி வயிறு நிறைந்தவன் கிருமியை எங்கே விழுங்குவான்?

எல்லாவற்றிலும் பெரிய எதிரி பசி. 2016இல் இலங்கையில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் சுமார் 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டின் சராசரி 17. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும். டி கலத்துக்கு அது போதாது. இந்தியாவின் ஜார்கண்டில் சயரோக நோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வெளியானது: அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது.

இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் பாணி மருந்து வாங்கிக் குடித்துவிட்டு மலைக்குப் போகாதீர்கள். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளியைக் கொடுங்கள். சோதனைக்கும் ஆறு மாத மருந்துக்கும் ஒரு சதமும் கேட்க மாட்டார்கள்.