ஆடினால்தான் ஆட்டம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உடல் பருமன் பெரிய கவலை. தன்னுடைய 765 அரசுப் பள்ளிகளிலும் ஒரு வீடியோ கேமைக் கொண்டுவரப்போவதாக 2006-ல் அந்த மாநிலம் அறிவித்தது.

அது ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998-ல் வெளியிட்ட ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’. திரையில் அம்புக்குறிகள் மேலேறி வரும். தரையில் விரித்த பாயிலும் முன், பின், இடம், வலம் என நான்கு அம்புகள். தாளம் தப்பாமல் அந்தந்த அம்பை மிதிக்க வேண்டும். மிதித்தால் பாய்க்குள் மின்சுற்று இணையும், நுட்பம் அவ்வளவுதான். வேகமான பாட்டு என்றால் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மூச்சு வாங்கிவிடும்.

இத்தகைய கேம் ஒன்றை வாங்குமுன், அது உடம்பின் எந்தப் பகுதியைக் கவனிக்கிறது என்று பார்ப்பது நல்லது. 2006-ல் வந்த நின்டெண்டோவின் ‘வீ’ கேம் சாதனம், கையில் பிடிக்கும் கருவிக்குள் இருந்த முடுக்கமானியால் வீச்சை அளந்தது. டென்னிஸ் ஆடும் சிறுவன் முதலில் துள்ளிக் குதிப்பான். மணிக்கட்டைச் சுண்டினாலே போதும் என்று தெரிந்துவிட்டால் சோபாவில் உட்கார்ந்தே ஜெயிப்பான். உட்கார்ந்து ஆடும் கேம்களைவிட இதில் கூடுதல் ஆற்றல் செலவாகிறது, ஆனால் மைதான ஆட்டத்துக்கு ஈடாகாது என்று லிவர்பூல் ஆய்வாளர்கள் 2007-ல் அளந்து சொன்னார்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் பேலர் மருத்துவக் கல்லூரி செய்த ஆய்வு இன்னும் முக்கியமானது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு உடலசைவு கேம்கள், மற்றவர்களுக்குச் சாதாரண கேம்கள். 13 வார ஆய்வுக்காலத்தில் அவ்வப்போது அசைவுமானி கட்டிப் பார்த்ததில் இரு பிரிவினரின் உடலுழைப்பிலும் வித்தியாசமே தெரியவில்லை. 2012-ல் வெளிவந்த இந்த முடிவைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

இந்தக் கருவிகள் உண்மையில் கைகொடுப்பது இயன்முறை சிகிச்சையில். 2007-ல் ‘வீ’க்கான ‘வீ ஃபிட்’ கேமோடு வந்த பலகையின் நான்கு மூலைகளிலும் அழுத்த உணரிகள் உண்டு, நிற்பவரின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவை நொடிக்கு நொடி சொல்லும். நின்றபடி சமநிலையை அளப்பதில் அது ஆய்வகக் கருவிக்கு நெருங்கி வருவதை 2010-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. பெருமூளை வாதம் உள்ள குழந்தை அதில் ஏறி நின்று, பலவீனமான காலில் எடையைச் சாய்த்தால் திரையில் பந்து உருளும். கண்ணுக்குத் தெரியாத தன் எடையை அந்தக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. பக்கத்தில் நிற்கும் சிகிச்சையாளர், எந்தக் கால், எவ்வளவு நேரம், எப்போது ஓய்வு என்று முடிவு செய்கிறார். ஹூஸ்டன் பிள்ளைகளுக்குக் கேம் மட்டுமே கிடைத்தது. எப்போது, எவ்வளவு ஆடுவது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.